பிரேக்கைத் தளர்த்தும் மருந்து

“எதிர்ப்பு சக்தி குறைந்துபோனதால்தான் புற்றுநோய் வந்ததா? அதைக் கூட்டுவதற்கு மாத்திரை ஏதாவது உண்டா?” வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் எழும் முதல் கேள்விகளில் இதுவும் ஒன்று. கவலையில் கேட்கிற கேள்வி. சரியான பதில் கிடைக்காவிட்டால் பணமும் நேரமும் வீணாகும்.

அமெரிக்காவில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் நடந்த இரண்டு ஆய்வுகள் இதற்கான பதிலில் பெரும்பங்கைத் தந்திருக்கின்றன. ஒன்று செல்லின் முதுமையைப் பற்றியது. மற்றது புற்றுநோயை எதிர்க்கும் நம் உடலின் படையைப் பற்றியது. இரண்டுமே கிறிஸ்துமஸ் நாட்களில் நடந்தவை, பத்தாண்டு இடைவெளியில்.

செல்லுக்கும் வயதாகுமா? ஆகும். 1961-இல் லியோனார்ட் ஹேஃப்ளிக், பால் மூர்ஹெட் என்ற இரு விஞ்ஞானிகள் மனிதச் செல்களைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்துப் பார்த்தார்கள். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, சுமார் 50 முறை பிரிந்தபின் அவை நின்றுவிட்டன. உணவு, வெப்பம், எதிலும் குறையில்லை. செல்லுக்குள்ளேயே ஏதோ ஒரு கணக்கு இருந்திருக்கிறது.

என்ன கணக்கு அது? உலக்கையின் நுனியில் இரும்புப் பூண் போட்டிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். இடிக்க இடிக்கத் தேய்வது பூண்தான். மரம் பிளக்காது. நம் குரோமோசோம்களின் (மரபுச் செய்தியைச் சுமக்கும் இழைகள்) இரு நுனியிலும் அப்படி ஒரு பூண் இருக்கிறது. அதற்கு டெலோமியர் என்று பெயர். செல் பிரியும் ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் தேய்கிறது. மிகவும் தேய்ந்துவிட்டால் செல் பிரிவதை நிறுத்திக்கொள்கிறது.

தேய்ந்த பூணை மறுபடி நீட்ட முடியாதா? பெர்க்லியில் எலிசபெத் பிளாக்பர்னின் ஆய்வகத்தில் இருந்த 23 வயது மாணவி கரோல் கிரைடர் இதைத்தான் தேடிக்கொண்டிருந்தார். குளத்து நீரில் வாழும் டெட்ராஹைமினா என்ற ஒற்றைச் செல் உயிரியை ஆராய்ந்தார். 1984 டிசம்பர் 25 அன்று, விடுமுறை நாளில், ஆய்வகத்துக்குப் போய் எக்ஸ்ரே ஃபிலிமைக் கழுவி எடுத்தார். அதில் ஏணிப்படிபோலக் கோடுகள் வரிசையாக ஏறியிருந்தன. நுனியில் ஆறு ஆறு எழுத்தாக ஏதோ ஒன்று சேர்த்துக்கொண்டே போயிருக்கிறது. அந்த ‘ஏதோ ஒன்று’தான் டெலோமரேஸ் (பூணை நீட்டும் நொதி). ஜாக் சோஸ்டாக்குடன் சேர்ந்து இவ்விருவருக்கும் 2009-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அப்படியானால் டெலோமரேஸைக் கூட்டிவிட்டு இளமையாக இருக்கலாமே? இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். நம் உடலின் பெரும்பாலான செல்களில் இந்த நொதி அடங்கிக் கிடக்கிறது. புற்றுக் கட்டிகளிலோ 85 முதல் 90 சதவீதம் வரை இது விழித்துக்கொண்டு வேலை செய்கிறது. முடிவில்லாமல் பெருகும் வரத்தைப் புற்றுச்செல் இப்படித்தான் பெறுகிறது. செல்லின் முதுமை, புற்றுநோயைத் தடுக்க உடல் போட்டு வைத்திருக்கும் பிரேக்கும்கூட. ஆகவே ‘டெலோமியரை நீட்டி இளமை தரும்’ என்று விற்கப்படும் மாத்திரைகளை வாங்காதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து.

ஆனால் வயதானவர்களுக்குத்தானே புற்றுநோய் அதிகம் வருகிறது? நியாயமான சந்தேகம். பிரிவதை நிறுத்திய செல்கள் எல்லாம் உடனே செத்துவிடுவதில்லை. அவை அங்கேயே தங்கி, அழற்சியை மூட்டும் பொருட்களைக் கசியவிடுகின்றன. பக்கத்தில் இருக்கும் கெட்டுப்போன செல்லுக்கு அதுவே உரமாகலாம். பெர்க்லி வளாகத்தை ஒட்டிய தேசிய ஆய்வகத்தில் ஜூடித் காம்பிசி பல ஆண்டுகள் இதைத்தான் ஆராய்ந்தார். இளம் வயதில் எதிர்ப்புப் படை இந்தக் கிழட்டுச் செல்களை அவ்வப்போது அப்புறப்படுத்திவிடும். அந்தப் படைக்கும் வயதாகும்போது அவை தேங்கிப்போகின்றன. போதாக்குறைக்கு, மரபுச் செய்தியில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்த பிழைகளும் இருக்கின்றன.

படைக்கு எப்படி வயதாகிறது? நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்றொரு சுரப்பி உண்டு. டி செல்கள் (நோயுற்ற செல்களைக் கண்டு கொல்லும் வெள்ளை அணுக்கள்) பயிற்சி பெறும் இடம் அது. குழந்தைக்கு அது கொழுகொழுவென்று இருக்கும். பருவ வயதுக்குப் பிறகு மெல்லச் சுருங்கிக் கொழுப்பாக மாறிவிடும். புதிய வீரர்களின் வரத்து குறையும். முதியவர்களுக்குச் சில தடுப்பூசிகள் முழுப் பலன் தராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். அதற்காகத் தடுப்பூசியை விட்டுவிடக் கூடாது. கிடைக்கும் பாதுகாப்பு அவர்களுக்குத்தான் அதிகம் தேவை.

இனி இரண்டாவது கிறிஸ்துமஸ். டி செல்லின் மேல் பிரேக்போல வேலை செய்யும் ஒரு புரதம் உண்டு. படை எல்லை மீறி நம் உடலையே தாக்காமல் இருக்க அது தேவை. புற்றுநோய் இத்தகைய பிரேக்குகளின் மறைவில் தப்பித்துக்கொள்கிறது. பெர்க்லியில் ஜேம்ஸ் அலிசன் குழுவினர் 1994-இன் இறுதியில் அந்த பிரேக்கைத் தடுக்கும் மருந்தைக் கட்டி இருந்த எலிகளுக்குக் கொடுத்தார்கள். முடிவை நம்ப முடியாமல் கிறிஸ்துமஸ் விடுமுறையிலேயே சோதனையைத் திரும்பச் செய்தார்கள். மருந்து பெற்ற எலிகளின் கட்டிகள் கரைந்தன. ஜப்பானின் கியோட்டோவில் தசுக்கு ஹோன்ஜோ கண்டுபிடித்திருந்தது வேறொரு பிரேக். 2018-இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். பல நோயாளிகளிடம் படை இருக்கிறது, அதன் கை கட்டப்பட்டிருக்கிறது. இம்யூனோதெரபி (எதிர்ப்பு மண்டலத்தைக் கொண்டு புற்றுநோயைத் தாக்கும் சிகிச்சை) மருந்துகளில் இந்த வகை அந்தக் கட்டை அவிழ்க்கிறது. எதிர்ப்பு சக்தி கூடும் என்று கடையில் விற்கும் பொடியோ லேகியமோ இதைச் செய்யாது.

வயதானவர்களுக்கு இது ஒத்துக்கொள்ளுமா? அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டருக்கு மூளை வரை பரவிய மெலனோமா (தோல் புற்றுநோயில் ஒரு கொடிய வகை) 2015-இல் கண்டறியப்பட்டது. அப்போது அவர் 90 வயதைக் கடந்தவர். கதிர்வீச்சுடன் இந்த வகை மருந்தும் பெற்றார். 100 வயது வரை வாழ்ந்தார். எல்லோருக்கும் இப்படி நடக்காது. பலருக்குக் கட்டி அசைவதே இல்லை. ஆனால் வயதை மட்டும் காரணம் காட்டி இந்தச் சிகிச்சை வேண்டாம் என்று வீட்டிலேயே முடிவெடுத்துவிடாதீர்கள்.

டாக்டரிடம் என்ன கேட்பது? இந்தப் புற்றுநோய் வகைக்கு இம்யூனோதெரபி வேலை செய்யுமா, பயாப்ஸி (சதைப் பரிசோதனை) எடுத்த துண்டில் அதற்கான சோதனை செய்யப்பட்டதா, எத்தனை மாதம் எடுக்க வேண்டும், மொத்தச் செலவு எவ்வளவு என்று கேளுங்கள். விலை மிக அதிகம். கடன் வாங்குவதற்கு முன் இந்த பதில்கள் கையில் இருக்க வேண்டும்.

பக்க விளைவு கீமோவைப்போல இருக்குமா? இருக்காது, வேறு மாதிரி. பிரேக் தளர்ந்த படை நல்ல உறுப்புகளையும் தாக்கலாம். நிற்காத வயிற்றுப்போக்கு, மூச்சுத் திணறல், உடலெங்கும் தடிப்பு, காரணமில்லாத கடும் சோர்வு ஆகியவை அதன் அறிகுறிகள். சீக்கிரம் சொன்னால் பெரும்பாலும் ஸ்டீராய்டு மருந்தால் அடக்கிவிடலாம். சாதாரண வயிற்றுக் கோளாறு என்று கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

சிகிச்சை முடிந்து மாதங்கள் கழித்தும் இவை வரக்கூடும். அதனால் மருந்தின் பெயரையும் கடைசி ஊசி போட்ட தேதியையும் ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊரில் எந்த டாக்டரைப் பார்த்தாலும் முதலில் அதை எடுத்துக் காட்டுங்கள்.