முதியோர் பராமரிப்பு இல்ல வழக்குகளில் ஜூரி தீர்ப்புகள்

ஐக்கிய அமெரிக்காவில் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் தங்கியிருப்பவர் போதிய கவனிப்பின்றித் துன்புற்றாலோ இறந்தாலோ, அவரோ அவரது குடும்பத்தினரோ அந்த இல்லத்தின் மீது இழப்பீடு கோரி உரிமையியல் வழக்குத் தொடரலாம். இவ்வழக்குகள் விசாரணைக்கு வரும்போது, தவறு நடந்ததா, இழப்பீடு எவ்வளவு என்பவற்றைப் பெரும்பாலும் பொதுமக்களிலிருந்து தெரிவு செய்யப்படும் ஜூரி (சான்றாயர் குழு) முடிவு செய்கிறது.

தமிழ்நாட்டில் "நர்சிங் ஹோம்" என்னும் சொல் சிறிய தனியார் மருத்துவமனையைக் குறிக்கும். அமெரிக்காவில் அதே சொல், நீண்டகாலச் செவிலியர் பராமரிப்பு தேவைப்படுவோர் தங்கி வாழும் இல்லத்தைக் குறிக்கும். இக்கட்டுரை பின்னதைப் பற்றியது.

சட்டப் பின்னணி

1965 ஆம் ஆண்டில் மெடிக்கேர், மெடிக்கெய்ட் ஆகிய அரசுத் திட்டங்கள் தொடங்கப்பட்ட பின்னர் இவ்வில்லங்களின் எண்ணிக்கை பெருகியது. அவற்றின் தரம் குறித்த கவலைகளைத் தொடர்ந்து 1987 இல் பராமரிப்பு இல்லச் சீர்திருத்தச் சட்டம் இயற்றப்பட்டது. தங்கியிருப்போர் ஒவ்வொருவரின் நிலையையும் மதிப்பிட்டுத் தனித்தனிப் பராமரிப்புத் திட்டம் வகுத்தல், 24 மணி நேரமும் உரிமம் பெற்ற செவிலியரைப் பணியில் வைத்திருத்தல் முதலியவற்றை இச்சட்டம் கட்டாயமாக்கியது.

அமெரிக்க அரசியலமைப்பின் ஏழாவது திருத்தம் (1791) கூட்டாட்சி நீதிமன்றங்களில் உரிமையியல் வழக்குகளுக்கும் ஜூரி விசாரணை உரிமையை அளிக்கிறது. மாநில நீதிமன்றங்களுக்கு இத்திருத்தம் பொருந்தாது. எனினும் பெரும்பாலான மாநிலங்களின் அரசியலமைப்புகள் இதே உரிமையைத் தனியே அளிக்கின்றன. பராமரிப்பு இல்ல வழக்குகள் பெரும்பாலும் மாநில நீதிமன்றங்களிலேயே நடைபெறுகின்றன.

மெய்ப்பிக்கும் முறை

குற்றவியல் வழக்கைப் போல ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டிய தேவை இங்கு இல்லை. வாதியின் கூற்று உண்மையாக இருப்பதற்கான வாய்ப்பு, இல்லாமல் இருப்பதற்கான வாய்ப்பை விடச் சற்று மிகுந்திருந்தால் போதுமானது. கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் ஜூரி ஒருமனதாக முடிவெடுக்க வேண்டியதில்லை. 12 பேரில் 9 பேர் உடன்பட்டால் போதும்.

படுக்கைப் புண், நீரிழப்பு, ஊட்டச்சத்துக் குறைபாடு, கீழே விழுந்து எலும்பு முறிதல் ஆகியவை இவ்வழக்குகளில் அடிக்கடி முன்வைக்கப்படும் பாதிப்புகள். முதுமையும் நோயுமே இவற்றுக்குக் காரணம் என இல்லங்கள் வாதிடுவது வழக்கம். எனவே உடல் எடைக் குறிப்பு, உணவு மற்றும் நீர் அளித்த பதிவு, படுக்கையில் திருப்பிப் படுக்க வைத்த நேரம், பணியாளர் வருகைப் பதிவு ஆகியன முக்கிய சான்றுகளாகின்றன. ஒரு பணியாளருக்கு எத்தனை பேர் ஒப்படைக்கப்பட்டிருந்தனர் என்பதைக் கொண்டு, தவறு தனியொரு ஊழியருடையதா, ஆட்களைக் குறைத்த நிருவாகத்தினுடையதா என ஜூரி ஆராய்கிறது.

இழப்பீட்டு வகைகள்

* பொருளாதார இழப்பீடு: மருத்துவச் செலவு, இழந்த வருமானம் முதலியன.
* பொருளாதாரம் சாரா இழப்பீடு: வலி, மன வேதனை, மதிப்பிழப்பு முதலியன.
* தண்டனை இழப்பீடு: அப்பட்டமான அலட்சியத்தைத் தண்டிக்கவும் மீண்டும் நிகழாமல் தடுக்கவும் விதிக்கப்படுவது.

பணி ஓய்வு பெற்ற முதியவருக்குப் பெரும்பாலும் இழப்பதற்கு ஊதியம் இல்லை. ஆகவே முதல் வகை இழப்பீடு மிகக் குறைவாகவே அமையும். வாழ்வின் இறுதி நாட்களில் ஒருவர் பட்ட வேதனைக்கு என்ன மதிப்பு என்னும் கேள்வியே இவ்வழக்குகளின் மையமாகிறது. இதற்கெனச் சட்டத்தில் கணக்கீட்டு அட்டவணை எதுவும் இல்லை. ஜூரியின் மனச்சான்றே அளவுகோல்.

குறிப்பிடத்தக்க வழக்குகள்

ஆர்கன்சா: 1998 இல் இறந்த 93 வயது மூதாட்டி ஒருவரின் குடும்பத்தினர் அட்வோகாட் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தனர். ஊட்டச்சத்துக் குறைபாடும் நீரிழப்பும் குற்றச்சாட்டின் மையமாக இருந்தன. 2001 இல் ஜூரி மொத்தம் 7.84 கோடி டாலர் வழங்கியது. இதில் 6.3 கோடி டாலர் தண்டனை இழப்பீடு. மாநில உச்ச நீதிமன்றம் 2003 இல் மொத்தத் தொகையை 2.64 கோடி டாலராகக் குறைத்தது.

கலிபோர்னியா: ஸ்கில்டு ஹெல்த்கேர் நிறுவனத்தின் 22 இல்லங்களில் தங்கியிருந்த சுமார் 32,000 பேரின் சார்பில் கூட்டு வழக்குத் தொடரப்பட்டது. ஒருவருக்கு நாளொன்றுக்கு 3.2 மணி நேரச் செவிலியர் பராமரிப்பு என்னும் மாநில விதி மீறப்பட்டது என்பதே குற்றச்சாட்டு. 2010 சூலையில் ஜூரி ஏறத்தாழ 67.1 கோடி டாலர் விதித்தது. நிறுவனத்தின் பங்கு விலை கடுமையாகச் சரிந்தது. அதே ஆண்டில் 6.28 கோடி டாலருக்கு இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன.

மேற்கு வர்ஜீனியா: மேனர் கேர் நிறுவனத்தின் இல்லத்தில் 19 நாட்கள் தங்கியிருந்த 87 வயது மூதாட்டி, அங்கிருந்து வெளியேறிய 18 நாட்களில் இறந்தார். 2011 இல் ஜூரி 9.15 கோடி டாலர் வழங்கியது. இதில் தண்டனை இழப்பீடு 8 கோடி டாலர். மாநில மேல்முறையீட்டு உச்ச நீதிமன்றம் 2014 இல் தண்டனை இழப்பீட்டை ஏறத்தாழ 3.2 கோடி டாலராகக் குறைத்தது.

தொகை குறையும் காரணங்கள்

மேற்கண்ட மூன்று வழக்குகளிலும் ஜூரி அறிவித்த தொகை குடும்பத்தினருக்கு முழுமையாகக் கிட்டவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. தண்டனை இழப்பீடு, ஈடுசெய்யும் இழப்பீட்டைப் போல் ஒன்பது மடங்கிற்கு மேற்படுவது அரிதாகவே அரசியலமைப்புக்கு ஏற்புடையது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2003 இல் கூறியது. மேலும் சில மாநிலங்கள் பொருளாதாரம் சாரா இழப்பீட்டுக்கு உச்சவரம்பு விதித்துள்ளன. டெக்சாசு 2003 இல் மருத்துவப் பொறுப்பு வழக்குகளில் 2,50,000 டாலர் அடிப்படை வரம்பை ஏற்படுத்தியது. ஊதியமற்ற முதியவர்களையே இத்தகைய வரம்பு மிகுதியாகப் பாதிக்கிறது என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். கட்டுப்பாடற்ற தொகைகள் காப்பீட்டுக் கட்டணத்தை உயர்த்தி இல்லங்களை மூடச் செய்யும் என்பது ஆதரவாளர்களின் வாதம். சியார்சியா மாநில உச்ச நீதிமன்றம் 2010 இல், இத்தகைய உச்சவரம்பு ஜூரி விசாரணை உரிமையை மீறுகிறது எனக் கூறி அதனை நீக்கியது.

ஜூரியைத் தவிர்க்கும் ஒப்பந்தங்கள்

இல்லத்தில் சேரும்போது கையெழுத்திடும் தாள்களிடையே, பிற்காலப் பிணக்குகளை நீதிமன்றத்துக்குக் கொண்டு செல்லாமல் தனியார் நடுவரிடம் தீர்த்துக்கொள்வதாக ஓர் ஒப்பந்தம் பல இல்லங்களில் இடம்பெறுகிறது. அதில் கையெழுத்திட்டவர் ஜூரி விசாரணை உரிமையை இழக்கிறார். இத்தகைய ஒப்பந்தங்களை மாநிலங்கள் தனித்து ஒதுக்க முடியாது என அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2012 இலும் 2017 இலும் தீர்ப்பளித்தது. இவற்றுக்கு 2016 இல் கூட்டாட்சி அரசு விதித்த தடையும் நீதிமன்றத்தால் நிறுத்தப்பட்டது. 2019 இல் வெளியான விதியின்படி, இல்லத்தில் இடம் பெறுவதற்கு இவ்வொப்பந்தத்தை நிபந்தனையாக்கக் கூடாது. கையெழுத்திட்டவர் 30 நாட்களுக்குள் அதனை விலக்கிக்கொள்ளலாம்.