நெடுங்கணக்கு அறியும் கணினி

பட்டியல் எழுதுதல் ஆசிரியத் தொழிலோடு உடன்பிறந்தது. வருகைப் பதிவேடு, சேர்க்கைப் பதிவேடு, நூலகப் பேரேடு, மதிப்பெண் ஏடு எனப் பள்ளிக்கூடத்து அலமாரி நிறையப் பட்டியல்களே இருக்கின்றன. இவற்றை இன்று கணினியில் ஏற்றி வருகின்றோம். ஏற்றுவதற்கு முன் அக்கணினியை எவ்வாறு பண்படுத்த வேண்டும் என்பதைத் தமிழில் விளக்குவார் அரியர். வழிகாட்டி நூல்கள் பல உண்டெனினும், அவை பெரும்பாலும் உரோமன் எழுத்துகளையே மனத்திற் கொண்டு எழுதப்பட்டவை. தமிழ்ப் பெயர்களைத் தாங்கப்போகும் கணினிக்கு வேறு சில முன்னேற்பாடுகளும் வேண்டும். அவை யாவை என்பதை இங்கு நோக்குவோம்.

தமிழ்ப் பெயர் எங்கே வாழ்கிறது?

நம் நாட்டு அரசுப் பதிவுகளில் மாணவர் பெயர்கள் உரோமன் எழுத்தில் இடம்பெறுகின்றன. அவ்வெழுத்தில் வள்ளிக்கும் வல்லிக்கும் வேற்றுமை இல்லை. மனத்திற்கும் மணத்திற்கும் வேற்றுமை இல்லை. பெற்றோர் சூட்டிய பெயரின் சரியான வடிவம் பல குழந்தைகளுக்குத் தமிழ்ப் பள்ளியின் ஏட்டில் மட்டுமே இருக்கிறது. தேயிலைத் தோட்டங்களைப் போன்ற ஒதுக்கிடங்களில் இவ்வேடுகளே மூன்று நான்கு தலைமுறைகளின் பெயர்க் களஞ்சியம். கரையானும் ஈரமும் அவற்றைத் தின்பதற்குள் கணினியில் ஏற்றுவது நம் கடமையாகும்.

இவ்வழியில் பெரும்பணி ஆற்றியோர் முன்னரே உளர். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும், 2005இல் ஈழத்து நூல்களைத் தொகுக்கத் தொடங்கிய நூலகம் திட்டமும் மீடியாவிக்கி என்னும் மென்பொருளின்மேல் நிற்பவை. வாசகர் காணும் பக்கங்களுக்குப் பின்னால் ஒரு தரவுத்தளம் இருக்கிறது. விக்கிப்பீடியாவின் தரவுத்தளம் மரியாடிபி. அது இயங்குவது லினக்ஸ் கணினிகளில்.

இரண்டு சொற்களின் விளக்கம்

தரவுத்தளங்களுள் சிறந்ததொரு வகை, உறவுமுறைத் தரவுத்தளம். ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்பவர் 1970இல் இதற்குக் கணிதவழியில் அடிப்படை வகுத்தார். கருத்து எளியது. மாணவர்க்கு ஓர் அட்டவணை, நூல்களுக்கு ஓர் அட்டவணை, இரவலுக்கு ஓர் அட்டவணை எனப் பிரித்துக்கொள்வது. இரவல் அட்டவணையில் மாணவர் எண்ணும் நூல் எண்ணும் இருந்தால் போதும். பெயரை ஒருமுறை எழுதினால் ஓரிடத்திலேயே திருத்தலாம். ஏழு ஏடுகளில் ஏழு விதமாக நிற்காது.

அத்தரவுத்தளம் குடியிருக்கும் கணினியைச் சர்வர் என்பர்; வழங்கி என்பது தமிழ் வழக்கு. பிற கணினிகள் கேட்பதை இது எடுத்து வழங்கும். ஹெல்சிங்கி நகரத்து மாணவர் லினஸ் தோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ் இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. உரிமக் கட்டணம் இன்றியும் கிடைக்கும். போஸ்ட்கிரெஸ், மரியாடிபி ஆகிய தரவுத்தளங்களும் அவ்வாறே. ஆதலின் தோட்டப் பள்ளிக்கும் இது எட்டாக்கனி அன்று. மலேசிய அரசும் 2004இல் பொதுத்துறைக்கான திறமூல மென்பொருட் பெருந்திட்டம் ஒன்றை வகுத்தது.

நிலம் பண்படுத்தல்

மலைச்சரிவில் தேயிலை நடுவோர் கன்றை எடுத்துக்கொண்டு நேரே ஓடுவதில்லை. சரிவைப் படியாக்குவர், நீர் வடிய வழி செய்வர், குழி தோண்டுவர், பிறகே நடுவர். நட்டபின் மண்ணை மாற்ற இயலாது. வழங்கிக் கணினியும் அத்தகையதே. அதன் படிகளை முறையாகக் காண்போம்.

முதலாவது, தனிப் பயனர் கணக்கு. லினக்ஸில் ரூட் என்னும் தலைமைக் கணக்குக்குத் தடையே இல்லை. அக்கணக்கில் தரவுத்தளத்தை இயக்கினால், தரவுத்தளத்துள் புகுந்தவன் கணினி முழுவதையும் ஆள்வான். போஸ்ட்கிரெஸ் தலைமைக் கணக்கில் இயங்கவே மறுத்துவிடும். எனவே தரவுத்தளத்திற்கென்றே அதிகாரம் குறைந்த தனிக்கணக்கு வேண்டும்.

இரண்டாவது, நினைவகம். நினைவகம் தீர்ந்துபோனால் லினக்ஸின் கருநிரல் ஏதேனுமொரு நிரலைக் கொன்று இடம் பிடிக்கும். பெரும்பாலும் மிகுதியாக உண்பதையே கொல்லும். அது தரவுத்தளமாக இருந்தால் என்ன ஆகும்? ஆதலின் இருப்புக்கு மேல் கடன் கொடாதிருக்கக் கருநிரலைப் பணிப்பது நன்று என்று போஸ்ட்கிரெஸ் கையேடு அறிவுறுத்துகிறது. இடமாற்று நினைவகமும் ஒதுக்கவேண்டும். ஆரக்கிள் 19சி பதிப்பின் கணக்குப்படி, 2 முதல் 16 ஜிபி வரை நினைவகம் உள்ள கணினிக்கு அதே அளவு. அதற்கு மேற்பட்டால் 16 ஜிபி போதும்.

மூன்றாவது, வரம்புகள். ஒரு நிரல் ஒரே நேரத்தில் எத்தனை கோப்புகளைத் திறக்கலாம் என்பதற்கு லினக்ஸ் வரம்பு வைத்திருக்கிறது. தரவுத்தளத்திற்கு அது போதாமற் போகலாம். ஆரக்கிள் நிறுவுவோர் மேல்வரம்பை 65536 ஆக உயர்த்த வேண்டும். ஆரக்கிள் லினக்ஸில் பயனர் கணக்கு, கருநிரல் அளவுகள், வரம்புகள் அனைத்தையும் ஒருசேர அமைக்கும் முன்னிறுவல் பொதி ஒன்றும் உண்டு.

நான்காவது, வட்டும் மின்சாரமும். கணக்கர் முதலில் குறிப்பேட்டில் எழுதிப் பின்னரே பேரேட்டில் ஏற்றுவார் அல்லவா? தரவுத்தளமும் அப்படியே செய்கிறது. ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் பதிவுக்கோப்பில் எழுதி, அது வட்டில் நிலைத்தபின்னரே முடிந்தது என்று கூறும். இடையே மின்சாரம் போனால் அக்குறிப்பைக் கொண்டு மீட்டுக்கொள்ளும். எழுதாததை எழுதியதாகச் சொல்லும் வட்டு இருந்தால் இவ்வொழுங்கு குலைந்துவிடும். எனவே நம்பத்தக்க வட்டுகள் இரண்டை ஒன்றன் படியாக மற்றொன்று இருக்குமாறு இணைத்து, யூபிஎஸ் கருவியும் வைத்தல் வேண்டும். இடியும் மழையும் மிகுந்த எம்மலைக்கு இது இன்றியமையாதது.

ஐந்தாவது, நேரம். தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1981 டிசம்பர் 31 வரை கிரீனிச் நேரத்திற்கு ஏழரை மணி முன்னே இருந்தது. அன்றிரவு அரைமணி தள்ளப்பட்டு எட்டு மணி ஆயிற்று. கோலாலம்பூர் நேர வலயத்தைத் தேர்ந்தால் லினக்ஸ் இவ்வரலாற்றையும் அறிந்திருக்கும். வெறுமனே எட்டு மணி என்று அமைத்தால் அதற்கு முந்திய பதிவுகளின் நேரம் அரைமணி பிழைபடும்.

ஆறாவது, வாயில். போஸ்ட்கிரெஸ் 5432, மைஎஸ்கியூஎல் 3306, ஆரக்கிள் 1521 என ஒவ்வொன்றுக்கும் வழக்கமான வாயில் எண் உண்டு. இவற்றைப் பள்ளிக்குள் இருக்கும் கணினிகளுக்கு மட்டும் திறந்து, இணையத்திற்கு அடைத்துவிட வேண்டும். சிறுவர் பெயரும் முகவரியும் தெருவிற் கிடக்கலாமா?

எழுத்தைக் கணினி எண்ணும் முறை

இதுவரை கூறியவை எம்மொழியார்க்கும் பொது. இனித் தமிழுக்கே உரியவற்றைக் காண்போம்.

கண்ணன் என்னும் சொல்லில் எழுத்துகள் எத்தனை? க, ண், ண, ன் என நான்கு என்று மாணவன் விடை கூறுவான். ஒருங்குறியோ புள்ளியைத் தனியே எண்ணி ஆறு என்கிறது. யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு கொள்வதால் வட்டு பதினெட்டு என்கிறது. ஆரக்கிள் தரவுத்தளம் பத்தியின் அகலத்தை வேறாகச் சொல்லாதவரை பைட்டுக் கணக்கிலேயே அளக்கும். பெயருக்கு 20 என்று வகுத்தால் கண்ணன் அடங்குவான். முப்பது பைட்டு வேண்டும் கண்ணம்மாள் வெளியே நிற்பாள்.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. மைஎஸ்கியூஎல் 2018இல் வந்த எட்டாம் பதிப்புக்கு முன்புவரை, தானாகக் கொண்ட குறியேற்றம் மேலை ஐரோப்பிய எழுத்துகளுக்கு உரியது. கண்டிப்பு முறை இல்லாதபோது அதில் தமிழை இட்டால் எழுத்துதோறும் கேள்விக்குறியே தங்கும். கேள்விக்குறியிலிருந்து பெயரை மீட்க முடியாது. அதன் பழைய யூடிஎஃப்8 வகையும் மூன்று பைட்டுக்கு மேல் கொள்ளாது. முந்திரி, காணி, மா முதலிய பழந்தமிழ்ப் பின்னக் குறிகள் 2019இல் ஒருங்குறியில் சேர்ந்தன. அவற்றுக்கு நான்கு பைட்டு வேண்டும். ஆகவே யூடிஎஃப்8எம்பி4 என்னும் முழுவகையையே கொள்க.

போஸ்ட்கிரெஸ், தான் நிறுவப்படும்போது லினக்ஸின் வட்டார அமைப்பைப் பார்த்து, அதிலிருந்தே குறியேற்றத்தையும் எழுத்து வரிசையையும் எடுத்துக்கொள்ளும். சி என்னும் வெற்றமைப்பே இருந்தால் குறியேற்றமின்றியே தொடங்கிவிடும். ஒரு தரவுத்தளத்தை உண்டாக்கிய பின்னர் அதன் குறியேற்றத்தை மாற்ற இயலாது. அனைத்தையும் வெளியே எடுத்து, புதிதாக அமைத்து, மீண்டும் ஏற்றவேண்டும். முன்னேற்பாடு என்பதன் பொருள் இங்கேதான் விளங்குகிறது.

னகரம் எங்கே நிற்கிறது?

எழுத்துகள் முப்பது, அவை அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடியும் என வரையறுத்தார் தொல்காப்பியர். அவ்வரிசையே நம் நெடுங்கணக்கு. அதுவே நம் அகராதிகளின் முதுகெலும்பு. ஆனால் ஒருங்குறியின் எண்வரிசையில் னகரம் நகரத்தை அடுத்து நிற்கிறது. றகரம் ரகரத்தை அடுத்தும், ழகரம் ளகரத்தை அடுத்தும் நிற்கின்றன. இந்திய மொழிகள் அனைத்தையும் ஒரே சட்டத்தில் அடைத்த 1988ஆம் ஆண்டின் இஸ்கி அமைப்பை ஒருங்குறி பின்பற்றியதே காரணம். அவ்வெண் எழுத்தின் முகவரியே அன்றி வரிசை எண் அன்று. வரிசைக்கு வேறு விதி வேண்டும். அவ்விதியைக் கூறாவிடில் கணினி முகவரியையே வரிசையாகக் கொள்ளும்.

எட்டுச் சொற்களால் இதனை விளக்கலாம். அகராதி முறையில் இவை நிற்கவேண்டிய வரிசை: மக்கள், மகள், மயில், மரம், மலை, மழை, மறை, மனம். எண்வரிசையில் கணினி தரும் வரிசை: மகள், மக்கள், மனம், மயில், மரம், மறை, மலை, மழை. மெய்யெழுத்து உயிர்மெய்க்கு முன் வரவேண்டிய முறையும் தலைகீழாயிற்று. இப்பட்டியலைக் கையில் கொடுத்து அகராதி பார்க்கக் கற்பிக்க முடியுமா? வரிசை தவறிய நூற்பட்டியலில் ஒரு நூலைத் தேடும் சிறுவன் அது இல்லையென்றே போய்விடுவான்.

இதற்குத் தீர்வு உண்டு. லினக்ஸின் அடிப்படை நூலகத்தில் இந்தியத் தமிழுக்கும் இலங்கைத் தமிழுக்கும் வட்டார அமைப்புகள் உள. ஒருங்குறிக் கூட்டமைப்பின் தரவைக் கொண்டு இயங்கும் ஐசியு என்னும் நூலகத்தில் மலேசியத் தமிழுக்கும் இடமுண்டு. போஸ்ட்கிரெஸ் 2017இன் பத்தாம் பதிப்பிலிருந்து ஐசியுவின் வரிசைகளை ஏற்கிறது. 2022இன் பதினைந்தாம் பதிப்பிலிருந்து தரவுத்தளம் முழுமைக்கும் அதனையே அடிப்படையாக்கலாம். தரவுத்தளத்தை உண்டாக்கியதும், ஒரு பெயரையேனும் ஏற்றுமுன், மேற்கண்ட எட்டுச் சொற்களையும் இட்டு வரிசைப்படுத்திப் பாருங்கள். னகரம் இறுதியில் நின்றால் மேலே செல்லுங்கள்.

மற்றொரு நுட்பமும் உண்டு. கொடி என்பதிலுள்ள கொ எழுத்தை, ஒகரக் குறியை ஒன்றாக இட்டும் எழுதலாம். கொம்பையும் காலையும் தனித்தனியே இட்டும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு. தேடினால் ஒன்று கிட்டும், மற்றொன்று கிட்டாது. ஆதலின் உள்ளே புகும்போதே எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொணர்தல் வேண்டும்.

2018 தந்த படிப்பினை

தரவுத்தளம் விரைந்து தேடுவதற்காகச் சுட்டு ஒன்றை வரிசைப்படுத்தி வைத்துக்கொள்கிறது. 2018 ஆகஸ்டில் லினக்ஸின் அடிப்படை நூலகம் 2.28ஆம் பதிப்புக்கு மாறியபோது, அதன் எழுத்து வரிசை விதிகள் பெரிதும் புதுப்பிக்கப்பட்டன. பழைய விதியில் அடுக்கிய சுட்டைப் புதிய விதியில் தேடிய போஸ்ட்கிரெஸ், இருப்பதை இல்லை என்றது. ஒருமுறையே வரவேண்டிய பெயரை இருமுறை ஏற்றது. பிழைச்செய்தி எதுவும் எழவில்லை. சுட்டுகளை மீண்டும் கட்டியபின்னரே சீராயிற்று. மொழியின் வரிசையும் இயந்திரத்தின் நலமும் வேறு வேறல்ல என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. இயங்குதளத்தைப் புதுப்பித்தால் எழுத்துச் சுட்டுகளையும் புதுப்பிக்க வேண்டும் என்று வழங்கியின் குறிப்பேட்டில் எழுதி வைத்தல் நன்று.

இரண்டாம் படி

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் அவற்றுள் இருந்தன. ஒரே படி என்பது இல்லாமைக்கு அடுத்த வீடு. நாள்தோறும் தரவை வெளியே எடுத்து, ஒரு படியைப் பள்ளியிலும் மற்றொன்றை வேறூரிலும் வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை அப்படியை மற்றொரு கணினியில் ஏற்றிப் படித்துப் பார்க்கவும் வேண்டும். ஏற்றிப் பாராத படி, படி ஆகாது.

இவ்வேற்பாடுகள் அனைத்தையும் செய்து முடிக்க ஒரு வார இறுதி போதும். செய்யாது விட்டால் வரும் கேடோ பல ஆண்டுகள் கழித்தே தெரியும். அப்போது ஏடும் இராது, எழுதியவரும் இரார். கணிப்பொறியாளர் வந்து நிறுவித் தரும் பள்ளிகளிலும், எட்டுச் சொற்களை வைத்துச் சோதிப்பது தமிழாசிரியரின் பணியே. அவர் நினைவக அளவை அறிவார். னகரம் எங்கே நிற்கவேண்டும் என்பதை நாம்தாம் சொல்லவேண்டும்.