உங்களுக்குத் தெரியுமா? கோபுரம் தேவைப்படாத போர்க்கள வலைப்பின்னல்

கைப்பேசிக்குக் கோபுரம் வேண்டும். போரில் எதிரி குறிவைப்பவற்றில் அதுவும் ஒன்று. சரி, ஒவ்வொரு வண்டியிலும் இருக்கும் வானொலிக் கருவியையே ஒரு குட்டிக் கோபுரமாக்கிவிட்டால்? அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான தார்ப்பா 1970-களில் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் சோதித்த ‘பேக்கெட் ரேடியோ’ இந்த யோசனையில் உருவானதுதான்.

பின்னாளில் மேம்பட்ட அதன் வடிவத்தில் ஒவ்வொரு கருவியும் 7.5 நொடிக்கு ஒருமுறை, தான் இருப்பதை அக்கம்பக்கத்துக் கருவிகளுக்கு அறிவிக்கும். அதை வைத்து, யார் வழியாக அனுப்பினால் செய்தி விரைவில் சேரும் என்று ஒவ்வொன்றும் தானே கணக்குப் போட்டுக்கொள்ளும். வண்டி மலைக்குப் பின்னால் மறைந்தாலோ ஒரு கருவி அழிந்தாலோ, செய்தி வேறு கைகள் மாறிப் போய்ச் சேரும்.

1977 நவம்பர் 22 அன்று சான் பிரான்சிஸ்கோ வட்டார நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு வேனிலிருந்து செய்தி கிளம்பியது. பேக்கெட் ரேடியோ, கணினிகளை இணைத்த ஆர்ப்பாநெட், செயற்கைக்கோள் என மூன்று வலைப்பின்னல்களையும் கடந்து, நார்வே, லண்டன் வரை சுற்றிவிட்டு, லாஸ் ஏஞ்சலிஸில் இறங்கியது. நேராகப் போனால் சில நூறு கிலோமீட்டர்தான்! இன்றைய இணையத்தின் ஆரம்ப ஒத்திகைகளில் இதுவும் ஒன்று. அந்த வேன் இப்போது கலிபோர்னியாவின் மவுண்டன் வியூ நகரில், கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

இந்த முறையிலும் ஓட்டை உண்டு. பிறர் செய்தியைக் கடத்தவும் ஒவ்வொரு கருவியும் அலை வீசியாக வேண்டும். பேட்டரி கரையும், வேகம் குறையும். அந்த அலையை மோப்பம் பிடித்தே இருப்பிடத்தைக் கண்டுபிடிக்க எதிரியிடமும் கருவிகள் இருக்கின்றன.