உங்களுக்குத் தெரியுமா? இருபுறமும் செம்பு பதித்த வளையும் மின்சுற்று

கைப்பேசி, காமிரா முதலிய சாதனங்களின் உள்ளே, விறைப்பான பலகைக்கு இடமில்லாத மூலைகளிலெல்லாம் மடிந்து நுழைந்து மின்சாரத்தைக் கொண்டு செல்வது, பெரும்பாலும் 25 மைக்ரான் கனமே உள்ளதும், பற்றாசு வைக்கும்போது எழும் உக்கிரமான வெப்பத்தைச் சகிக்க வல்லதுமான பாலிஇமைடு என்னும் படலத்தின்மீது செம்புப் பாதைகளை அமைத்த வளையும் மின்சுற்றேயாகும்.

எளிய இணைப்புகளுக்கு ஒருபுறத்துச் செம்பே போதுமானது. ஆயினும், பாதைகள் ஒன்றையொன்று தொடாமல் குறுக்கிட்டுச் செல்ல வேண்டிய அவசியம் நேரும்போதும், அதிவேக சமிக்ஞைகளுக்கு அடியில் 'கிரவுண்ட்' எனப்படும் இடையறாத செம்புப் பரப்பை விரித்து அவற்றை மின் இரைச்சலினின்று ரட்சிக்க வேண்டியிருக்கும்போதும், மறுபுறத்திலும் செம்பைப் பதித்து, உட்சுவரில் செம்பு முலாம் பூசிய நுண்துளைகளால் இருபுறத்தையும் இணைத்துக்கொள்வதே உசிதமான மார்க்கம்.

கனம் கூடக்கூட நெகிழ்ச்சி குறையும். ஆகையால், இடைவிடாது மடங்கி நிமிரும் பாகங்களுக்கு ஒருபுறச் சுற்றே சிரேஷ்டமானது. ஒருமுறை மடித்துப் பொருத்தியபின் அசையாதிருக்கும் இடங்களுக்கு இருபுறச் சுற்று மிகவும் பொருந்தும். அங்கும், மடியும் பகுதியில் துளைகளைத் தவிர்த்து, இருபுறத்துப் பாதைகளும் நேருக்கு நேர் அமையாதபடி சற்றே விலக்கி வரைவது, செம்பு விரிசலுறாமல் காக்கும் விவேகமாகும்.