கடினநிலத்தில் உலோகங்காட்டிகள்: விக்டோரியப் பொன்வயல்களை முன்வைத்து

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், 1980இல், 27 கிலோகிராம் எடையுள்ள 'ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்' என்னும் தங்கக்கட்டி உலோகங்காட்டியின் துணையால் கிடைத்தது. அத்துணைப் பெரிய கட்டியைக் கொண்டு அக்காலக் கருவிகளின் திறனை அளவிடுதல் பொருந்தாது.

அந்நிலத்தின் இடர் இரும்புக் கனிமங்களால் விளைவது. தாழ் அதிர்வெண் கருவி இடைவிடாது அலையைச் செலுத்தியவாறே மறுமொழியையும் வாங்குவதால், மண்ணின் குறிப்பு தங்கத்தின் குறிப்பை மூழ்கடிக்கிறது. 1995இல் வந்த மைன்லேப் எஸ்டி 2000, துடிப்பை நிறுத்தியபின் எஞ்சுவதையே ஆராய்ந்தது. ஆயினும் மேக்கமைட் நுண்துகள்களின் மறுமொழி அப்போதும் மெல்லத்தான் அடங்குகிறது. அதைக் கழிப்பதே நிலச் சமன்செய்தல். சிக்கலும் இங்கேதான்: மண்ணைக் கழிக்கையில், அதனையொத்து அடங்கும் சில தங்கக்கட்டிகளும் உடன் கழிந்துவிடும்.

2015இல் வெளிவந்த ஜிபிஇசட் 7000 ஆழத்தில் சிறந்தது. ஆனால் இரும்பை விலக்கும் வசதி அதில் இல்லை. முந்தைய ஜிபிஎக்ஸ் 5000இல் இரட்டை 'டி' சுருளுடன் அவ்வசதி உண்டு (மேலாகக் கிடக்கும் இரும்பளவில் மட்டுமே அதனை நம்பலாம்). ஆதலின் ஆணியும் தகரமும் மண்டிய பழஞ்சுரங்க முகாம்களில் பழைய கருவியே ஏற்றதென்பது என் கருத்து.

ஒப்பிடுவோர் தங்கத்தைக் குழிதோண்டிப் புதைத்துச் சோதித்தல் தவறு. கிளறிய மண் இயல்பு மாறியது. பக்கவாட்டில் துளையிட்டுச் செருகினால் மேல்மண் குலையாது.