20 கிலோ கேரட்டை துருவ கையா? மிஷினா? கல்யாண சமையல்காரர்கள் போடும் கணக்கு

மேட்டுப்பாளையம்,

முகூர்த்த நாள் நெருங்கினால் கல்யாண மண்டபங்களின் சமையல்கட்டில் முதல் நாள் ராத்திரியே வேலை சூடு பிடித்து விடும். காய் நறுக்க நாலு பேர் கிடைத்தாலும், உட்கார்ந்து துருவ ஆள் கிடைப்பதுதான் சமையல் மாஸ்டர்களுக்கு பெரும்பாடாக இருக்கிறது. கேரட் அல்வா, பீட்ரூட் பொரியல், மாங்காய் தொக்கு, தேங்காய் துருவல்... இத்தனைக்கும் எந்த துருவி வாங்கினால் காசும் மிச்சம், கையும் மிச்சம்?

நீலகிரி மாவட்டம் கேத்தி பாலாடா, முத்தோரை பாலாடா பகுதிகளில் விளையும் கேரட், மலையிலேயே மிஷினில் கழுவப்பட்டு மூட்டை மூட்டையாக மேட்டுப்பாளையம் மண்டிகளுக்கு வந்து இறங்குகிறது. இங்கிருந்து பல மாவட்டங்களுக்கும் கேரளாவுக்கும் போகிறது. கழுவ மிஷின் வந்து விட்டது. ஆனால் துருவுவது இன்னும் பல இடங்களில் கையால்தான் நடக்கிறது.

300 பேருக்கு எவ்வளவு?

300 பேர் சாப்பிடும் பந்திக்கு கேரட் அல்வா என்றால் சுமாராக 20 கிலோ கேரட் வேண்டும். பழகிய கை ஒரு கிலோ கேரட்டை துருவ 12 நிமிடம் ஆகிறது என்று வைத்துக் கொள்வோம். 20 கிலோவுக்கு 240 நிமிடம். அதாவது முழுசாக 4 மணி நேரம், இடையில் கையை உதறக்கூட நேரம் இல்லாமல்!

இதில் பாதி தாண்டியதும் கை அசந்து விடும். கேரட் கட்டையாக தேய்ந்து வரும்போது விரல் நுனி பல்லில் மாட்டுவது அப்போதுதான். ரத்தம் பட்டால் அந்த தட்டில் இருக்கிற துருவல் மொத்தத்தையும் கொட்ட வேண்டியதுதான். வேறு வழி இல்லை.

2 கிலோ வரை... சாதா துருவி போதும்

வீட்டு விசேஷத்துக்கு 2 கிலோ வரை துருவ, நாலு பக்கமும் பல் வைத்த எவர்சில்வர் துருவியே போதும். சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. வாங்கும்போது கைப்பிடி ஆடுகிறதா, மேலே அழுத்தினால் தகடு வளைகிறதா என்று பார்க்க வேண்டும். அடியில் ரப்பர் வைத்தது வழுக்காது. காயை பிடித்து தள்ள ஒரு மூடி கொடுப்பார்கள். அதை தூக்கி மூலையில் போடாமல் பயன்படுத்தினால் விரல் தப்பும்.

கேரட்டை நிறுத்தி தேய்த்தால் துருவல் குட்டையாக வரும். நீளவாக்கில் படுக்க வைத்து தேய்த்தால் நீளமாக வரும். அல்வாவுக்கு பெரிய பல்தான் சரி. பொடி பல்லில் துருவினால் வேகும்போது குழைந்து களி மாதிரி ஆகி விடும்.

5 கிலோ வரை... கையால் சுற்றும் துருவி

மேஜையில் ஒட்டிக்கொள்ளும் அடிப்பாகமும், பக்கத்தில் கைப்பிடியும் வைத்த உருளை துருவிகளும் கடைகளில் கிடைக்கின்றன. மேலே காயை போட்டு கைப்பிடியை சுற்றினால் துருவல் முன்பக்கம் வந்து விழும். விரல் பல்லுக்கு பக்கத்திலேயே போகாது என்பதுதான் இதில் பெரிய லாபம். கரண்டும் தேவையில்லை. ஆனால் வழவழப்பான கல் மேடையில்தான் இது நன்றாக ஒட்டும். மண்டபத்து சொரசொரப்பு திண்ணையில் வைத்தால் கழன்று வந்து விடும்.

மிக்சி இருக்கே... போதாதா?

2011-ம் ஆண்டு தமிழக அரசின் விலையில்லா மிக்சி, கிரைண்டர் திட்டம் வந்த பிறகு மிக்சி இல்லாத வீட்டை பார்ப்பது அரிது. அதனால் கேரட்டை துண்டு போட்டு மிக்சியில் ஒரு சுற்று சுற்றினால் ஆகாதா என்று பலரும் கேட்கிறார்கள். ஆகாது. மிக்சி பிளேடு காயை துருவாது, அடித்து நொறுக்கும். பாதி கூழாகும், பாதி கட்டியாக நிற்கும். சட்னிக்கு சரி. அல்வாவுக்கும் பொரியலுக்கும் உதவாது.

துருவும் தட்டு தனியாக வரும் புட் பிராசசர் என்றால் வேலை ஆகும். ஆனால் அதன் பாத்திரம் பெரும்பாலும் 2 அல்லது 3 லிட்டர்தான். கிலோவுக்கு ஒரு தரமாவது திறந்து கொட்ட வேண்டும். 5 கிலோ வரை சமாளிக்கலாம். 20 கிலோவை விடாமல் போட்டால் மோட்டார் சூடாகி நின்று விடும். அப்படி நின்றால் ஆற விட்டு, அடியில் இருக்கும் பட்டனை அழுத்தி திரும்ப ஓட்ட வேண்டும். எத்தனை நிமிடம் ஓட்டலாம், எத்தனை நிமிடம் நிறுத்த வேண்டும் என்று கூட வரும் புத்தகத்தில் போட்டிருப்பார்கள். அதை படித்து விட்டுத்தான் சுவிட்சை போட வேண்டும்.

10 கிலோ தாண்டினால்...

10 கிலோவுக்கு மேல் அடிக்கடி துருவுகிறவர்களுக்கு, ஓட்டல்களில் வைத்திருக்கும் காய் வெட்டும் மிஷின்தான் தோது. தட்டை மாற்றினால் துருவல், வில்லை, துண்டு என்று எல்லாம் வரும். 20 கிலோ கேரட் அரை மணி நேரத்துக்குள் முடிந்து விடும்.

ஒன்றை மறந்து விடக்கூடாது. மிஷின் துருவத்தான் செய்யும். தோல் சீவுவதும், காம்பு நறுக்குவதும் கை வேலைதான். அதற்கு ஆள் கூலி எப்படியும் உண்டு.

வாங்குவதற்கு முன் சின்ன கணக்கு போட்டு பார்க்கலாம். ஒரு விசேஷத்துக்கு ஒரு ஆள் கூலி 700 ரூபாய் மிச்சம் ஆகிறது, மிஷின் விலை 21 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக் கொண்டால், 30 விசேஷம் முடிந்த பிறகுதான் போட்ட காசு கைக்கு வரும். வருஷத்துக்கு நாலைந்து ஆர்டர் மட்டும் எடுப்பவர்கள், கிரைண்டர் வாடகைக்கு விடும் பாத்திர கடைகளில் இதுவும் கிடைக்குமா என்று விசாரிப்பதே புத்திசாலித்தனம்.

காந்தம் வைத்து பார்த்தால் தெரியுமா?

எவர்சில்வர் நல்லதா என்று காந்தம் வைத்து பார்க்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதை மட்டும் நம்ப முடியாது. 304 ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். அதில் காந்தம் சரியாக ஒட்டாது. ஆனால் விலை குறைந்த 202 ரகத்திலும் அதே போல ஒட்டாது. பிளேடு பகுதியில் காந்தம் ஒட்டினால் பயப்பட வேண்டாம். கூர்மை நிற்பதற்காக வேறு ரக எவர்சில்வரில் பிளேடு செய்வது வழக்கம். பில்லில் ரகத்தை எழுதி வாங்குவதே பாதுகாப்பு.

மாங்காய் போன்ற புளிப்பு காய்க்கு இரும்பு தகடும், அலுமினிய தட்டும் வேண்டாம். இரும்பில் துருவினால் துருவல் கறுத்து விடும். கருணைக்கிழங்கு துருவும்போது கையுறை கட்டாயம். அதில் இருக்கும் ஊசி போன்ற ஆக்சலேட் துகள்கள்தான் கை அரிப்புக்கு காரணம்.

தேங்காய்க்கு தனி கவனம்

தேங்காயை அருவாமனை நுனியில் துருவுவது பழைய பழக்கம். புவிசார் குறியீடு பெற்ற கோவை வெட் கிரைண்டரில், மேஜை மாடல்கள் பலவற்றுக்கு தேங்காய் துருவும் இணைப்பு கிடைக்கிறது. வீட்டுக்கு அது தாராளம்.

மண்டபங்களில் பயன்படுத்தும் தேங்காய் துருவும் மிஷினில் பல் வைத்த குமிழ் வெளியே தெரியும்படி சுற்றும். புடவை முந்தானை, துப்பட்டா, அவிழ்ந்த தலைமுடி மாட்டினால் கண் இமைப்பதற்குள் விபரீதம் நடந்து விடும். முந்தானையை இழுத்து சொருகி, முடியை கொண்டை போட்ட பிறகுதான் மிஷின் முன்னால் நிற்க வேண்டும். மூடியின் ஓடு தெரிய ஆரம்பித்ததும் கையை எடுத்து விட வேண்டும்.

ஈர தரை... உஷார்!

சமையல்கட்டு தரை எப்போதும் ஈரம். எனவே மூணு பின் பிளக்கை ரெண்டு பின் ஆக்கி சொருகும் வேலை கூடவே கூடாது. எர்த் சரியாக இருக்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் போட்டிருந்தால், மின்கசிவு ஏற்பட்ட உடனே கரண்ட்டை துண்டித்து விடும். தட்டை மாற்றும்போதும், சிக்கிய காயை எடுக்கும்போதும் சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. பிளக்கையே பிடுங்கி விட வேண்டும். காயை தள்ள விரலையோ கரண்டியையோ விடக்கூடாது, அதற்கென கொடுத்த கட்டைதான்.

சீக்கிரம் முடிகிறதே என்று ராத்திரியே துருவி வெளியில் வைப்பதும் தப்பு. 5 டிகிரியில் இருந்து 60 டிகிரி வரையிலான வெப்பத்தில் கிருமிகள் வேகமாக பெருகும். துருவிய காயும் தேங்காயும் முழு காயை விட சீக்கிரம் கெடும். கேரட்டை முதல் நாள் சீவி குளிர்ச்சியாக வைத்து விட்டு, அடுப்பு பற்ற வைக்கும் நேரத்தில் துருவினால் அல்வாவும் ருசிக்கும், பந்தியில் உட்கார்ந்தவர்கள் வயிறும் தப்பிக்கும்.