கொலுப் பொம்மையும் கைக்குழந்தையும்

நவராத்திரிக் கொலுவில் விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மை ஒன்றாவது இடம் பெற்ற வீடுகள் நம்மிடையே பல உண்டு. அந்தப் பொம்மையைத் தேய்த்து வர்ணம் பூசிய கை ஒரு கூலிக்கார ஸ்திரீயினுடையதாய் இருக்கலாம். அவளுடைய கைக்குழந்தை அந்த நேரத்தில் எங்கே இருந்தது என்று நாம் கேட்பதில்லை.

பீங்கான் பட்டறைகளை விட்டு, தென்மேற்கே வெள்ளாற்றங்கரையிலுள்ள திட்டக்குடிக்குப் போனாலும் இதே கேள்விதான். வெலிங்டன் ஏரிப் பாசனத்தில் நாற்று நடுகிறவர்களும் களை பறிக்கிறவர்களும் பெண்களே. வரப்பு மரத்தில் தூளி கட்டுவது பார்ப்பதற்கு அழகான காட்சி; படம் எழுதுகிறவர்களுக்கு மிகவும் பிடிக்கும். எறும்புக்கும் வெயிலுக்கும் அந்த ரசிகத்தன்மை கிடையாது.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது அநியாயம். 1975-ஆம் வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி, தேசத்தில் 33 வட்டாரங்களில் அங்கன்வாடித் திட்டம் ஆரம்பமாயிற்று. 1982 ஜூலையில் எம். ஜி. ராமச்சந்திரன் சர்க்கார் தொடங்கிய சத்துணவுத் திட்டம், பள்ளி வயதுக்கு முந்திய குழந்தைகளுக்கும் மத்தியானச் சோறு அளித்தது. இன்று தமிழ்நாட்டில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. ஆனால் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுப் பாட்டுக் கற்பது இரண்டு வயது நிரம்பிய குழந்தைதான். அதற்கும் கீழ்ப்பட்ட சிசுவுக்குச் சத்துமாவும் எடைபார்ப்பும் உண்டு. நாள் முழுதும் வைத்துக் காப்பாற்றும் ஏற்பாடு இல்லை.

"பாட்டி பார்த்துக்கொள்ள மாட்டாளா?" என்பார்கள். பாட்டியும் கூலிக்குப் போகிறாள் என்பது இவர்களுக்குத் தெரியாது போலும். மிஞ்சுவது ஒன்பது வயது அக்காள். நடவுக் காலத்தில் வகுப்பு ஆஜர்ப் பட்டியை எடுத்துப் பாருங்கள். வராத பெண்களில் யார் யார் வீட்டில் தொட்டில் ஆடுகிறது என்பது உபாத்தியாயருக்கு விசாரிக்காமலே விளங்கும். தம்பியைக் காப்பாற்றும் செலவை அந்தச் சிறுமி தன் படிப்பினால் கொடுத்துத் தீர்க்கிறாள்.

சட்டத்திலும் குறைவில்லை. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யுமிடத்தில் குழந்தைகள் அறை வேண்டும் என்றது. 1976-இல் அது முப்பதாகக் குறைந்தது. 2020-இல் இயற்றிய சட்டத் தொகுப்பு ஐம்பதுக்கு மேற்பட்ட தொழிலாளர் என்று கணக்கிடுகிறது. பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறை எந்தக் கணக்கிலும் அகப்படாது. வயலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 2005-ஆம் வருஷத்துக் கிராம வேலை உறுதிச் சட்டத்தில் மட்டும் ஒரு நல்ல விதி இருந்தது: வேலைத்தலத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகள் இருந்தால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமித்து அவளுக்கும் கூலி கொடுக்க வேண்டும். குழந்தையைக் காப்பதும் வேலையே என்று அந்த விதி ஒப்புக்கொண்டது.

தமிழ்நாட்டில் சர்க்கார் பள்ளி ஆசிரியைக்கு 2021 முதல் பன்னிரண்டு மாதப் பிரசவ விடுமுறை, சம்பளத்தோடு. நியாயமான ஏற்பாடுதான், யாரும் அதைத் தர்மம் என்று சொல்வதில்லை. நாற்று நடுகிறவளின் குழந்தைக்குப் பொதுப் பணம் கேட்டால் மட்டும் அந்தச் சொல் எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

2022-இல் மத்திய சர்க்கார் "பால்னா" என்னும் திட்டத்தை ஏற்படுத்தியது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை, தினம் ஏழரை மணி நேரம், அங்கன்வாடியிலேயே குழந்தைகள் காப்பகம். செலவில் மத்திய சர்க்காருக்கு அறுபது பங்கு, ராஜ்யத்துக்கு நாற்பது. குறித்த இலக்கு 17,000 நிலையங்கள். தேசத்திலுள்ள அங்கன்வாடிகளோ ஏறக்குறைய 14 லட்சம். அதாவது எண்பதில் ஒன்று! இலக்கைப் பெருக்குவதோடு நேரத்தையும் யோசிக்க வேண்டும். நடவுக்காரி காலை ஏழு மணிக்கு வயலில் இறங்குகிறாள். ஒன்பதரைக்குத் திறக்கும் காப்பகத்தின் ஏழரை மணி நேரம் அவளுக்கு உதவாது. கதவைச் சீக்கிரம் திறக்க இன்னொரு பெண் வேண்டும். அவளுக்கு மதிப்பூதியம் என்ற பெயரில் சில்லறை கொடுக்காமல் சம்பளம் என்றே கொடுக்க வேண்டும்.